வலது கால் மிதித்த மண்

நொச்சிக்காட்டில் சின்ன வெங்காயம் அறுக்கிற பெண்கள் ஊசிக்காகப் படுத்ததாகச் சரித்திரமே கிடையாது. காலை ஏழு மணிக்குக் களத்தில் குந்தினால், தாள் வேறு காய் வேறாக அறுத்து அறுத்து, பொழுது சாயும்வரை எழுந்திருக்காத இடுப்பு அவர்களுடையது. அந்த இடுப்புக்கு மாத்திரை எல்லாம் ஏமாற்று வேலை, ஊசி போட்டால்தான் வலி போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் வாரம் ஒருமுறை கம்பவுண்டர் ஆரோக்கியம் பழைய மொபெட்டில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு களத்துக்கே வந்துவிடுவார். பெண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஆம்பளை முன்னால் படுப்பதாவது, புடவையைத் தளர்த்துவதாவது, நல்ல கதையாக இருக்கிறதே! நின்றபடியே, புடவைக்கு மேலேயே, முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். ஆரோக்கியமும் மரியாதை தெரிந்தவர், குத்துகிற நேரத்தில் தானும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இப்படி இரண்டு பேருமே பார்க்காமல் இருபது வருஷமாக நடந்துவந்த காரியத்தில், ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஊசி ஒன்று இறங்க வேண்டிய இடத்துக்கு நாலு விரல் கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு அந்த ஊசிக்கு நின்றவள் தனக்கோடி.

இடுப்பிலிருந்து குதிகால்வரை கொதிக்கிற எண்ணெயை ஒரே கோடாக ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு முன்னால் வாய்விட்டு அழுகிற ஜாதி இல்லை அவள்; புருஷன் செத்தபோதே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். மறுநாள் விடிந்து கட்டிலை விட்டு இறங்கினால் வலது பாதம் தொங்குகிறது. தூக்கச் சொன்னால் தூக்காது, கிள்ளினால் தெரியாது. அது பாட்டுக்கு யார் வீட்டுச் சாமானோ போல் கணுக்காலுக்குக் கீழே கிடந்தது. முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தால்தான் விரல் தரையில் இழுபடாமல் நடக்க முடியும். கொக்கு நடக்கிற மாதிரி நடந்தாள். அப்படி நடந்தும் தன் வீட்டு நிலைப்படியில் மட்டும் கால் விரல் தட்டித் தினம் ஒருமுறை விழுந்தாள்.

அந்த நிலைப்படியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கோடியின் ஒரே மகள் செவ்வந்தி, தாய்மாமன் மகனுக்குப் பூ வைக்க உறவெல்லாம் கூடியிருந்த நாளில், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், மில்லு வேலைக்குப் போகிறேன் என்று நடுவீட்டில் நின்று சொல்லிவிட்டாள். தனக்கோடிக்கு அண்ணன் முகத்தில் முழிக்க முடியவில்லை. அவமானம் தலைக்கு ஏறினால் அந்தப் பக்கத்தில் செய்கிற ஒன்றை அவள் செய்தாள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து, நிலைப்படியில் நின்று, எல்லோரும் பார்க்கத் தன் தலையில் கவிழ்த்து மகளைத் தலைமுழுகினாள். முழுகிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, "இந்தப் படியில உன் காலு படக்கூடாது. பட்டா அன்னிக்கு நான் பொணம்" என்றாள். செவ்வந்தி பையை எடுத்துக்கொண்டு போனாள். தாயின் எந்தச் சொல்லையும் கேட்டுப் பழக்கமில்லாத பெண், அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கிற டாக்டரம்மா நல்ல மாதிரி. தொடை, கெண்டைக்கால் என்று குண்டூசியால் மெல்லக் குத்திக்கொண்டே வந்து, எங்கே வலி நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டாள். ஊசி நரம்பின் மேல் இறங்கியிருக்கிறது, நரம்பு முழுசாகச் சாகவில்லை, வேரிலிருந்து மறுபடி வளரும், ஆனால் மாதத்துக்கு ஓர் அங்குலம்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது என்றாள். இடுப்பிலிருந்து உள்ளங்கால்வரை அளந்து பார்த்தால் மூன்று வருஷம். அதுவரைக்கும் பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தாள். கோடு கீழே இறங்க இறங்க உனக்குக் கால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், தைரியமாக இரு என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

எட்டாவது வாரம், சித்திரை வெயில் பொளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தனக்கோடி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செத்த பாதம் நனைந்தது. குனிந்து பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் கிடந்தது. ஆனால் உள்ளங்காலில் ஈரச் சிமென்ட் தரை தெரிந்தது, சோப்புத் தண்ணீரின் வழுக்கல் தெரிந்தது, பிறகு ரப்பர் செருப்பு, பிறகு படி, ஒன்று இரண்டு என்று பதினொரு படி, அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பெரிய மிஷின்கள் ஓடுகிற தரையின் அதிர்வு கிர்ரென்று எலும்புவரை ஏறிக்கொண்டே இருந்தது. தன் காலைக் கிள்ளினால் தெரியவில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு தரை தெரிகிறது. மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தவள், நாலாம் நாள் அந்தக் கால் இன்னொரு காலின் மேல் சுண்டுவிரலைத் தேய்த்துச் சொறிந்துகொள்வதை உணர்ந்தாள். அப்படிச் சொறிகிற பழக்கம் உலகத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் உண்டு. தனக்கோடி எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவிடம், என் கால் செவ்வந்திகிட்ட இருக்கு என்று சொன்னாள்.

சின்னக்கண்ணு களத்தில் தனக்கோடிக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாகக் குந்தியவள். அவளுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது. நொச்சிக்காட்டுக்காரர்கள் இதில் அதிசயப்பட ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. பெற்ற வயிறு துடிக்கும்போது கால் துடித்தால் என்ன என்றார்கள். அவர்களுக்கு வேறு கவலை இருந்தது, அது எந்த ஊர் தரை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு லாரி ஓட்டி ஓய்ந்துபோன மருதை வந்தார். தமிழ்நாட்டுச் சாலைகளை எல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே இடுப்பால் படித்தவர் அவர். தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டு இது செம்மண், இது ஜல்லி, இப்போ பஸ்ஸு, இப்போ ஒரு மேடு, உடனே இன்னொரு மேடு என்று சொல்லச் சொல்ல, மருதை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, காங்கேயத்துக்கு மேக்கால அடுத்தடுத்து ரெண்டு வேகத்தடை ஒரு மில்லு வாசல்லதான் இருக்கு" என்றார்.

அப்புறம் ஊர் அந்தக் காலைச் சும்மா விடுமா? சவுதியில் இருக்கிற புருஷன் ஆறு மாதமாகப் பேசவில்லை, உன் காலில் மணல் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கேட்டு ஒருத்தி வந்தாள். தொலைந்த எருமையைக் கேட்டு ஒருத்தர் வந்தார், எருமைக்குக் குளம்பல்லவா என்று மற்றவர்கள் அவரைக் கேலி பண்ணி அனுப்பினார்கள். சாயங்காலமானால் வெங்காயத் தோல் பறக்கிற அந்த வாசலில் பத்துப் பேராவது உட்கார்ந்து, இன்றைக்குச் செவ்வந்தி எங்கெல்லாம் நடந்தாள் என்று கேட்டுவிட்டுத்தான் உலை வைக்கப் போனார்கள். கம்பவுண்டர் ஆரோக்கியம் மட்டும் வரவில்லை. மொபெட்டைப் பூட்டி வைத்துவிட்டார் என்றும் சோறு இறங்கவில்லையாம் என்றும் பேசிக்கொண்டார்கள். தனக்கோடி அவரைத் திட்டவில்லை. தப்பான ஊசியால்தான் மகள் கிடைத்தாள் என்று உள்ளூர ஒரு நன்றிகூட இருந்தது அவளுக்கு. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

மருதை மில்லுக்கு ஒரு போன் போடட்டுமா என்று நாலைந்து தடவை கேட்டார். வேண்டாம் என்றாள். போனவள் அவள், கூப்பிட வேண்டியவளும் அவளே, முதலில் அவள் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் காலை வாரி மடியில் வைத்துக்கொள்வாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். சொன்ன வார்த்தையை நினைத்து நெஞ்சு எரியாத நாள் இல்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் கால் பஸ்ஸில் ஏறியது. தகரத் தரையின் நடுக்கம் ஐந்து மணி நேரம் ஓய்ந்து ஓய்ந்து வந்தது, இரண்டு இடத்தில் பஸ் மாறினாள். உச்சிப்பொழுதுக்கு இறங்கின இடத்தில் உள்ளங்கால் பொள்ளென்று சுட்டது. துள்ளி இறங்கியது கால். நொச்சிக்காட்டுக்குப் பிரிகிற கைகாட்டி நிறுத்தத்தில், வெங்காய லாரிகளை எடை போடுகிற இரும்புத் தகடு வெயிலில் காய்ந்து கிடக்கும், தெரியாமல் செருப்பைக் கழற்றி மிதித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் துள்ளுவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு அரை மைல். செவ்வந்தி வந்துவிட்டாள்.

சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டு ஓடச் சொல்லியிருக்கலாம். மருதையின் வண்டியை அனுப்பியிருக்கலாம். தனக்கோடி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தவள் இந்த அரை மைலையும் வரட்டும், வந்து வாசலில் நின்று அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், எழுந்துபோய்க் கட்டிக்கொள்கிறேன் என்று தன் மனசோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அந்தக் கால் ஜல்லியில் நின்றது. ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தது. நாலு அடி ஊர்ப்பக்கம் வைத்தது, திரும்பியது. பிறகு தகரத் தரையின் நடுக்கம் வந்தது, பஸ் ஏறிவிட்டாள். கைகாட்டி டீக்கடைக்காரர் மறுநாள் சொன்னார், பையும் கையுமாக ஒரு பொண்ணு நின்றுகொண்டே இருந்தது, எந்த வீடு என்று கேட்டதற்கு, எனக்கு இங்கே படி இல்லீங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே போய்விட்டது என்று.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் கால் பாசி பிடித்த படிகளில் இறங்கியது. ஆற்றுத் தண்ணீர் என்று தனக்கோடிக்குத் தெரிந்தது, குளிர் அப்படி. கணுக்கால் அளவு, பிறகு இன்னொரு படி, பிறகு இன்னொரு படி. அதற்குப் பிறகு உள்ளங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கல்லும் இல்லை, மணலும் இல்லை. தரையே இல்லாமல் அந்தக் கால் தொங்கியது. தனக்கோடி கட்டிலை விட்டு விழுந்து, தன் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் அழுத்தி அழுத்தி வைத்துப் பார்த்தாள். சின்னக்கண்ணு வந்து தூக்கும்போதும் அழுத்திக்கொண்டேதான் இருந்தாள்.

மருதை அன்று சாயங்காலமே கிளம்பிப் போய் நாலைந்து நாள் தேடி அலைந்தார். மில்லில், தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவள் யாரோடும் பேசாமல் திரும்பி வந்தாள், இரண்டு நாளாகக் காணோம் என்றார்கள். கரூரைத் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு படித்துறையில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. ஒரு பெண்ணைக் கரையேற்றினார்கள், கேட்க ஆள் வரவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் சொல்லி, போட்டோவைக் காட்டினார்கள். மருதை திரும்பி வந்து தனக்கோடியின் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். அன்றைக்கு அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பதினைந்து நாள் தனக்கோடி சாப்பிட்டாளா தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

பதினாறாம் நாள் காலையில் உள்ளங்காலில் மணல் தட்டுப்பட்டது. படித்துறைக் கல், பிறகு புழுதி, பிறகு தார். தனக்கோடி எழுந்து உட்கார்ந்தாள். காரியத்துக்கு நாள் பார்க்க வந்திருந்தவர்களிடம், "என் மவ நடந்துக்கிட்டிருக்கா. நடக்கறவளுக்கு என்னய்யா காரியம்?" என்றாள்.

முன்னால் நடந்த நடை வேறு, இது வேறு. முன்னால் அந்தக் கால் களைத்தது, செருப்புத் தேடியது, சாப்பாட்டு நேரத்தில் மடங்கி உட்கார்ந்தது. இப்போது அது உட்காரவேயில்லை. முள்ளை மிதித்தால் முள் தெரிந்தது, எடுக்க நிற்கவில்லை. கரூர், குளித்தலை, பாலத்தில் ஏறி முசிறி, துறையூர் என்று மருதை ஒவ்வொரு தரையாகச் சொல்லிக்கொண்டே வந்தார், இது ஊருக்கு வருகிற வழி என்று பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அமாவாசையன்று உச்சிவேளையில் அது கைகாட்டிக்கு வந்து சேர்ந்து, இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்றது. பொள்ளுகிற தகட்டில் ஒரு மணி நேரம் துள்ளாமல் நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே ஆற்றுக்கு நடந்தது. அடுத்த அமாவாசைக்கு மறுபடி வந்து நின்றது. அதற்கடுத்த அமாவாசைக்கும் வந்தது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஊர் என்றால் பழகிக்கொள்வதுதானே! அமாவாசையன்று பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை எடைமேடையில் லாரி ஏறுவதில்லை என்று தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. கண்டக்டர்கள் அந்த நேரத்தில் கைகாட்டியில் யாரையும் இறக்குவதில்லை, ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கினார்கள், இறங்கியவர்கள் முணுமுணுக்காமல் நடந்து வந்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயைத் தகட்டோரம் வைத்துவிட்டுப் பலகையைச் சாத்திக்கொண்டார், திறந்து பார்க்கும்போது டீ ஏடு படிந்து அப்படியே இருக்கும். பெண்கள் கைகாட்டியிலிருந்து ஊர்வரை கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். அதே பெண்கள்தான் வீட்டு வாசலில் வேப்பிலையும் செருகி வைத்தார்கள்.

தனக்கோடி வீட்டுக்கு அது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய விவகாரமாக இருந்தது. பட்டால் நான் பிணம் என்று இவளே தலையில் தண்ணீர் ஊற்றிச் சொன்ன சொல், உயிரோடு இருக்கிறவர்கள் சொல்லை மீறலாம், போனவர்களுக்கு மீறத் தெரியாது, அதனால்தான் கைகாட்டியோடு நிற்கிறது என்றார்கள் சிலர். நிலைப்படியைப் பெயர்த்துப் போட்டுவிட்டால் சொல்லும் போய்விடும் என்று ஆசாரி ஒருவர் கடப்பாரையோடு வந்தே விட்டார். தனக்கோடி விடவில்லை. படி இல்லாத வீடு வீடா, அவள் வந்து எதைத் தாண்டி உள்ளே வருவாள் என்று கேட்டாள். யாரும் கூப்பிடாதவரைக்கும் அது வராது, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே என்று சின்னக்கண்ணு அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். தனக்கோடியும் பயந்துபோய்தான் இருந்தாள். அமாவாசைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு, பாதம் கொதிக்கக் கொதிக்க, அந்த ஒரு மணி நேரத்தையும் கட்டில் காலைப் பிடித்தபடி கழித்தாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துத் தாய் பயப்படுவதா என்று பிறகு தன்னையே காறித் துப்பிக்கொள்வாள்.

இரண்டரை வருஷம் இப்படிப் போயிற்று. டாக்டரம்மாவின் பேனாக் கோடு தொடையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, கெண்டைக்கால் வழியாக மாதம் ஓர் அங்குலமாக இறங்கிக்கொண்டே வந்தது. ஊசி பட்டு மூன்று வருஷம் ஆன சித்திரையில் கோடு கணுக்கால் எலும்பின் மேல் விழுந்தது. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த மாசம் பாதத்துக்கு உணர்ச்சி வந்துடும்மா. குத்தினா வலிக்கும் பாருங்க."

தனக்கோடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா என்று கேட்டாள். சீக்கிரம் வரவையுங்கள் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் டாக்டரம்மா பார்த்திருக்கிறாள், புரியாமல் சிரித்து அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது தனக்கோடிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தன் நரம்பு பாதத்தை வந்து தொடுகிற அன்றைக்கு மகளின் தரை அறுந்துபோகும். அவள் கைகாட்டியில் வந்து நிற்பாள், நிற்கிறாள் என்று தெரிய உலகத்தில் ஒரு கால்கூட இருக்காது. வருகிற அமாவாசைதான் கடைசி.

அமாவாசையன்று பதினொன்றரை மணிக்கு எழுந்து தலைவாரிக்கொண்டாள். சோறு வடித்து மூடி வைத்தாள். காலுக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது சின்னக்கண்ணு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"கூப்பிட்டேன்னா வந்துடும்டி."

"வரட்டும்னுதான் கூப்பிடப் போறேன், விடு யக்கா."

அரை மைல். கொக்கு நடை நடந்து கைகாட்டிக்குப் போய்ச் சேரும்போது வெயில் நட்டநடு உச்சியில் நின்றது, அவள் நிழல்கூட அவள் காலடியில் ஒளிந்துகொண்டுவிட்டது. கடைப் பலகை சாத்தியிருந்தது, காக்கை குருவி இல்லை. எடைமேடை வெறுமையாகக் கிடந்தது. தனக்கோடி மரத்தடி மண்ணில் நின்றாள், ஆனால் வலது உள்ளங்காலில் இரும்பு சுட்டது. ஆறடி தூரத்தில், ஒன்றுமே இல்லாத அந்தத் தகட்டின் மேல்தான் அவளுடைய கால் சுட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தையை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"செவ்வந்தி, வாடி. வீட்டுக்குப் போவலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நாலு அடி வைத்ததும் இரும்பின் சூடு போய் ஜல்லி தெரிந்தது. தனக்கோடி அப்போது மதகின் மேல் இருந்தாள். அவள் மதகைத் தாண்டிப் புழுதியில் இறங்கியபோது உள்ளங்காலில் மதகின் சிமென்ட் தெரிந்தது. அவள் வாய்க்கால் கசிகிற சேற்றைத் தாண்டியதும் சேறு தெரிந்தது. தான் மிதித்துவிட்டு வந்த மண்ணை எல்லாம் கொஞ்சம் பொறுத்து, அதே வரிசையில், அவள் கால் மறுபடி மிதித்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. தெருவுக்குள் நுழைந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது, சாத்திய கதவின் இடுக்கெல்லாம் கண். கம்பவுண்டர் ஆரோக்கியம் மட்டும் தன் வீட்டு வாசலில் இறங்கிக் கைகட்டி, தலை குனிந்து நின்றார். கூப்பிடாதே என்று குறுக்கே நின்ற சின்னக்கண்ணு, இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து, பாதையில் கிடந்த முள்ளை எல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டே போனாள்.

தனக்கோடி நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி நின்றாள். உள்ளங்காலில் வாசல் மண் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வா என்றாள். மண் அப்படியே சுட்டது. நான் சொன்னது தப்பு, வாடி கண்ணு என்றாள். கால் நகரவில்லை. விரல்கள் மட்டும் படிக்கு முன்னால் மண்ணில் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. தன் சொல் அங்கே இரும்பாகக் கிடப்பதை அப்போதுதான் அவள் கண்ணால் பார்க்கிற மாதிரி பார்த்தாள். படியில் அதன் கால் பட்டால் அம்மா பிணம். அம்மாவைப் பிணமாக்க அந்தப் பெண் வரமாட்டாள்.

அப்போது எதை நினைத்துக்கொண்டாள் என்று பிற்பாடு கேட்டதற்குக் களத்தை என்று சொன்னாள். செவ்வந்திக்கு மூன்று வயதில் செருப்புக் கிடையாது. மோட்டார் கொட்டகையிலிருந்து வெங்காயக் களத்துக்குப் போகிற மண் கொதிக்கும், தூக்கிக்கொள்ளலாம் என்றால் தலையில் கூடை. தனக்கோடி தன் பாதங்களின் மேல் பிள்ளையை ஏற்றி நிறுத்தி, அதன் வலது கால் தன் வலது காலிலும் இடது கால் இடது காலிலும் இருக்க, ஆனை நட ஆனை நட என்று நடத்திக்கொண்டு போவாள். பிள்ளை கால் தரையில் படவே படாது.

தனக்கோடி வெளியே வந்தாள். படியோரம் குந்திப் பட்டையை அவிழ்த்துப் போட்டாள். வீட்டைப் பார்த்தபடி, படிக்கு நேராக, வெறுங்காலோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறிக்க."

கொஞ்ச நேரம் வாசல் மண்தான் சுட்டது. பிறகு வலது உள்ளங்காலில் தோல் தட்டுப்பட்டது. வயசான ஒரு பாதத்தின் மேல்புறம், நரம்பு முடிச்சு, எலும்பு, நடுவில் வெங்காய அரிவாள் பட்டு ஆறிய தழும்பின் மேடு. தன்னுடைய தழும்பு. இருபது வருஷமாகக் கண்ணால் பார்த்த தழும்பைத் தனக்கோடி தன் உள்ளங்காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். முதுகின் மேல் குளிர்ந்த ஈரம் சாய்ந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டுவதைச் சின்னக்கண்ணு பார்த்தாள். ஆற்று வாசனை வந்தது என்று சத்தியம் பண்ணுவாள் அவள். இரண்டு பாதத்தின் மேலும் ஓர் ஆள் கனம் ஏறி நின்றது.

வலது காலைத் தூக்கப் போனாள். சின்னக்கண்ணுவுக்குப் பதறிவிட்டது. தினம் அந்தப் படியில் தட்டி விழுகிற கால் அது. இப்போது தட்டினால் மேலே இருக்கிற கால் படியில் பட்டுவிடும், தனக்கோடி அங்கேயே பிணம்.

"இடது காலை வைடி. அதுதானே தூக்க வரும்."

"என் மவ வீட்டுக்கு வர்றா. வலது கால்தான்."

நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தூக்கினாள். கனம் கீழே இழுத்தது. பாதம் தொங்கியது, விரல்கள் படியின் விளிம்புக்கு நேராகக் கவிழ்ந்து நின்றன. இன்னும் தூக்கினாள், தொடை வெடவெடவென்று ஆடியது, உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது, ஆனாலும் விரல் படிக்குக் கீழேதான் இருந்தது. அப்போது கணுக்காலில், பேனாக் கோடு இருந்த இடத்தில், கொதிக்கிற எண்ணெய் ஒரு பொட்டு விழுந்து, பாதத்தின் மேலாகக் கட்டைவிரல்வரை ஓடியது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசியின் அதே வலி. தனக்கோடி அலறவில்லை. கட்டைவிரல் மெல்ல நிமிர்ந்தது.

"வலது காலை எடுத்து வச்சு வா, கண்ணு" என்றாள்.

ஒரு விரல்கடை இடைவெளியில் கால் படியைத் தாண்டியது. பின்னாலேயே இடது காலும் தாண்டியது. அந்த நிலைப்படியில் செவ்வந்தியின் கால் படவேயில்லை, சொன்ன சொல் சொன்னபடி வாசலிலேயே கிடந்தது. தனக்கோடி அப்படியே, ஆனை நட ஆனை நட என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, தூணைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, நடுவீட்டுக்குப் போய் நின்றாள். பாதங்களின் மேலிருந்து கனம் மெதுவாக இறங்கியது. முதுகில் ஈரம் விலகியது. வலது உள்ளங்காலில் சிமென்ட் தரை சில்லென்று இருந்தது.

அது யாருடைய காலுக்குச் சில்லென்றது என்று தனக்கோடி யோசிக்கவில்லை. சோறு ஆறிப்போயிருக்குமே என்று உள்ளே போனாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.